ஐந்தாம் எண் ஒட்டாது

அந்த நாற்காலி வேண்டாம் அண்ணா. இதில் உட்காருங்கள். அது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்கால் இரண்டையும் செம்புக் கம்பியால் தைத்து வைத்திருக்கிறேன். நான் உட்காரலாம், வினோ உட்காரலாம், உங்கள் உடம்பை அது தாங்காது. சம்பந்தி வீட்டுக்கு வந்த இடத்தில் நீங்கள் விழுந்து வைத்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

காபி? வேண்டாமா. சரி. கோபியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள், கோபத்தோடு வந்திருப்பீர்கள், காபி இறங்காது. உங்கள் மகள் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டட்டும். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எல்லாம் தடவித் தடவித்தான் நடக்கும். அதற்குள் நான் இதை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். பாருங்கள், மூக்கின் மேல் உட்காருகிற இடத்தில் சரியாக இரண்டாகிவிட்டது. காலையில் உடைந்தது. எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் நான் சொல்வதையும் ஒரு தடவை கேளுங்கள். அவள் போக வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கண்ணாடிச் சட்டத்துக்கு, உடனே ஒட்டுகிற பசையைப் போடவே கூடாது அண்ணா. எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். சின்ன டியூப், ஒரு சொட்டு, பத்து எண்ணுவதற்குள் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதிலிருந்து ஓர் ஆவி வரும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் பனி படிந்ததுபோல வெள்ளையாக இருக்கும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. சட்டம் ஒட்டியிருக்கும், பார்வை போயிருக்கும். இதற்கு இரண்டு டியூப் பசைதான். இதில் ஒரு மிளகு அளவு, அதில் ஒரு மிளகு அளவு. தீக்குச்சியால் நன்றாகக் கலக்க வேண்டும். ஒன்று கூடினாலும் இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும்.

இப்போது பிடியுங்கள். இப்படி, இரண்டு துண்டையும் சேர்த்து. அழுத்த வேண்டாம், அசைக்கவும் வேண்டாம். கால் மணி நேரம். கோபம் வந்தால் வாயால் திட்டுங்கள், கையை மட்டும் அசைக்காதீர்கள்.

இதெல்லாம் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றா? யாருமில்லை. வாழ்ந்த வாழ்க்கை சொல்லிக்கொடுத்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பசை என்றால் தபால் ஆபீஸ் பசைதான் தெரியும். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர் அண்ணா. மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். நாள் முழுக்கத் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிதானமாக நின்றுவிட்டு வருவார். வீட்டுக்குள் வந்ததும் அந்த நிதானம் போய்விடும். கை தவறும். சோப்பு டப்பா தவறும், டிபன் பாக்ஸ் தவறும். சில நாள் சமையலறையிலிருந்து வாசல்வரைக்கும் தவறிப் போய் விழும்.

உடைந்ததை நான் எடுத்து ஒட்டிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மறுநாள் அவர் குளிக்கப் போகும்போது சோப்பு டப்பா சோப்பு டப்பாவாக இருக்க வேண்டும். அவரும் அதைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு தடவை மட்டும், "நல்லாத்தான் ஒட்டியிருக்க" என்றார். இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அது ஒரு ரிமோட்.

ஆரம்பத்தில் எதை எதற்குப் போடுவது என்று தெரியாமல் நிறைய வீணாக்கினேன். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் யூசுப் பாய் கடை இருக்கிறது, பைப்பு, ஆணி, பெயின்ட் எல்லாம் வைத்திருப்பார். நான் படியேறினாலே, "என்னக்கா, வீட்ல யானை கீது வளர்க்கறீங்களா" என்று கேட்பார். அவர்தான் சொன்னார். "பசை கேக்கறதுக்கு முன்னால சாமானைக் கவுத்துப் பாருங்கக்கா. அடியில முக்கோணம் இருக்கும். உள்ள ஒரு நம்பர் இருக்கும். அதுதான் அதோட ஜாதகம்."

அன்றைக்கு வந்து வீட்டிலிருக்கிற சாமானையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று என்றால் பைப்பு ஜாதி. பைப்பு ஒட்டுகிற சொலூஷன் போட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இளகி ஒன்றாகிவிடும். ஆறு என்றால் சீப்பு, பேனா மூடி. அது எதைப் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் உடைந்துவிடும். ரிமோட், சுவிட்சுப் பெட்டி எல்லாம் ஏழில் வரும். அதற்கு நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணீரைத் தடவினால் விளிம்பு இளகும், அப்படியே சேர்த்துப் பிடித்தால் போதும். ஐந்து இருக்கிறதே, அதுதான் சங்கடம். வாளி, மக்கு, நாற்காலி, மூடி போட்ட டப்பா எல்லாம் ஐந்து. வீட்டில் பாதி சாமான் ஐந்துதான். ஐந்து எந்தப் பசையையும் ஏற்காது அண்ணா. போட்டால் பிடித்ததுபோல இருக்கும். காய்ந்ததும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும்.

"அஞ்சாம் நம்பருக்கு சூடுதாங்கக்கா" என்றார் பாய். "சூடு வெச்சாத்தான் சேரும்." சால்டரிங் ராடு ஒன்று கொடுத்தார். அதைக் காய வைத்து, விளிம்பில் ஓட்டை போட்டு, கம்பியால் தைத்து, மேலே உருக்கிப் பூச வேண்டும். தழும்பு இருக்கும், ஆனால் தண்ணீர் ஒழுகாது. இதோ என் கையில் இருக்கிறதே, இது ராடு பட்டதுதான். இதுவும் ராடுதான். இது பழசு. இது என் தரணி பிறந்த வருஷம். ராடு வாங்கினது அவன் பள்ளிக்கூடம் போன பிறகு. எப்படியோ. இதுவும் ராடுதான்.

அசைக்காதீர்கள் அண்ணா.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. மண்டியிலேயே நெஞ்சு வலி. தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒன்றரை வருஷம் ஒரு சாமான் உடையவில்லை. ஒரு சீப்புப் பல்கூட. ராடு துருப்பிடித்துவிட்டது. தரணி அப்போது ஓசூரில் வேலையில் இருந்தான், மாதம் ஒரு தடவை வருவான், நான் தனியாகத்தான் இருந்தேன். கல்யாணம் நிச்சயமானதும் அவன் இங்கேயே வேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம், நீங்களே பார்த்தீர்கள். வினோ இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

மூன்றாம் மாதம், ஆவணியில், ஒரு சாயங்காலம் சமையலறையில் இருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம். ஒன்று சுவரில், ஒன்று கதவில். அப்புறம் ஒரு இருமல். அப்புறம், "எங்கடி போய்த் தொலைஞ்ச?"

அவர் குரல் அண்ணா. அவர் கேட்கிற அதே கேள்வி. வீட்டுக்குள் வரும்போது இருபத்தேழு வருஷமும் இதைத்தான் கேட்பார். நான் எங்கே போவேன், சமையலறையில்தான் இருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தச் சத்தம் கேட்டதும் மிக்ஸியைப் போட்டுவிடுவேன். தரணி சின்னப் பையனாக இருந்தபோது வந்த பழக்கம். அவன் அப்பா குரல் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். மிக்ஸி ஓடினால் அவன் காதில் விழாது, பக்கத்து வீட்டுக்கும் விழாது. தேங்காய் இருந்தால் தேங்காய், இல்லையென்றால் பொட்டுக்கடலை. அன்றைக்கும் கை தானாகப் போய்ப் போட்டுவிட்டது. நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தால் குளியலறை வாளி இரண்டாகக் கிடக்கிறது. வினோ சுவரோரமாக நிற்கிறாள். தரணி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"வாளி எப்படிடா உடைஞ்சுது?" என்றேன்.

"உடைஞ்சுபோச்சும்மா" என்றான்.

வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஐந்து. ராடைத் தேடி எடுத்துத் துருவைத் தேய்த்தேன்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு மூன்று. வாளி, முறம், துணி போடுகிற கூடை, வினோவின் டிபன் பாக்ஸ், அந்த நாற்காலி. எல்லாம் அவர் காலத்தில் உடைந்த அதே மாதிரி, அதே இடத்தில். ஒவ்வொரு தடவையும் செருப்பு, இருமல், அந்தக் கேள்வி. ஒவ்வொரு தடவையும் நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன். அதனால் அவரை நான் கண்ணால் பார்த்ததில்லை அண்ணா. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது இல்லையா? ஆனால் எனக்குத் தெரியும். தரணி திரும்பி வந்த வருஷமே அவரும் திரும்பி வந்துவிட்டார்.

தரணியா? அவன் எப்படி அண்ணா? கட்டிலுக்கு அடியில் படுத்துக் காதைப் பொத்திக்கொண்ட பிள்ளை. அப்படிப் பயந்தவன் அதையே செய்வானா?

இது வேறு சங்கதி என்று நானாகச் சொல்லவில்லை, உங்கள் மகளே சொன்னாள். டிபன் பாக்ஸை ஒட்டிக்கொண்டிருந்தேன். வினோ எதிரில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "மூடி எப்படியோ உடைஞ்சுபோச்சும்மா, பரவாயில்ல, சரி பண்ணிடலாம்" என்றேன். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நீங்க எப்பவும் இப்படியே சொல்றீங்க. வாளி உடைஞ்சுது, மூடி உடைஞ்சுது. அப்படிச் சொன்னா வாளிதான் எழுவாய். வாளி பாவம், அது என்ன பண்ணுச்சு? செஞ்சவங்களை எழுவாயா வெச்சுச் சொல்லுங்க. இந்த வீட்ல நடக்கிறது எல்லாமே செய்வினை அத்தை."

எழுவாய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நான் ஆறாவதோடு நின்றவள். கடைசி வார்த்தை மட்டும் புரிந்தது. படித்த பெண், டீச்சர், அவளே சொல்லிவிட்டாள், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று.

அந்த வெள்ளிக்கிழமையே கோடாங்கியைக் கூட்டி வந்தேன். உடுக்கையோடு வந்தவர் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சொல்வதற்குள் விழுந்துவிட்டார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பாத்தீங்களா, என்னையே தள்ளுறான்" என்றார். எனக்கு அது கம்பித் தையல் விட்டதுதான் என்று தெரியும். ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. உடுக்கை அடித்து, கண்ணை மூடி, "செத்தவன் வந்து போறான். அவன் கைபட்ட சாமான் ஒண்ணைப் புடிச்சுக்கிட்டுத்தான் வர்றான். அதை ஆத்துல விடு" என்றார்.

வினோ கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோடாங்கி போனதும் சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள். பார்த்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் வழிகிறது. "அத்தை, நான் சொன்னது இலக்கணம். எட்டாவது பிள்ளைங்களுக்கு நடத்துற பாடம்" என்றாள். பயத்தில் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதை வாய்விட்டுச் சொன்னால் ஆகாது என்பார்களே.

அவர் கைபட்ட சாமான் என்றால் சவரம் பண்ணுகிற மக்கு. நீல நிறம். பிடி நாலு தடவை உடைந்து நாலு தடவை நான் தைத்தது. அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கருங்கல்பாளையம் படித்துறைக்குப் போனேன். தலையைச் சுற்றி மூன்று தடவை, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். எறிந்தேன். ஆனால் அந்தச் சத்தம் சரியில்லை அண்ணா. மூழ்குகிற சாமான் விழுகிற சத்தம் வேறு. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டேன். மக்கு மிதக்கிறது. ஐந்தாம் நம்பர் தண்ணீரில் மூழ்காது, எனக்கு அது தோன்றவே இல்லை. காவிரி அன்றைக்கு ஓட்டமில்லாமல் கிடந்தது. கொஞ்ச தூரம் போன மக்கு ஒரு சுற்றுச் சுற்றியது. மெதுவாகத் திரும்பிப் படிக்கே வந்தது. பிடி என் பக்கம். வந்து என் கால் விரலில் இடித்து நின்றது.

நான் என்ன செய்ய? எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போதும் குளியலறையில்தான் இருக்கிறது.

காய்ந்துகொண்டு வருகிறதா? ஓரத்தில் வழிந்ததை நகத்தால் தொட்டுப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை. விழுகிறது, பாருங்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.

காலையில் என்ன நடந்தது என்று வினோ போனில் உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எப்போதும் சாயங்காலம் வருகிறவர் இன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டார். செருப்புச் சத்தம் இல்லை. குரல் மட்டும்தான். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சட்டை இஸ்திரி போடவில்லை என்றோ என்னவோ. நான் மிக்ஸியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் யாரோ பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். பார்த்தால் வினோ. ஒரு கையில் கண்ணாடியின் ஒரு பாதி, இன்னொரு கையில் மறு பாதி. இந்தக் கன்னம் சிவந்து கிடக்கிறது. சுவிட்சை அணைத்தாள். ஜாரின் மூடியைத் திறந்தாள். பக்கத்தில் கொண்டுபோனால்தானே அவளுக்குத் தெரியும், முகத்துக்கிட்டே கொண்டுபோய் உள்ளே பார்த்தாள்.

"அத்தை, ஜார்ல ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போய் உங்களுக்குப் போன் பண்ணினாள்.

தேங்காய் போட மறந்திருப்பேன். அவசரத்தில் அப்படி ஆகும்தானே. தரணி அதற்குள் வேலைக்குப் போய்விட்டான். வரும் அமாவாசைக்குப் பவானிக்கே போய் எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். மக்கோடு ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். ஒரே ஒரு அமாவாசை பொறுக்கச் சொல்லுங்கள் அண்ணா. நான் இருபத்தேழு வருஷம் பொறுத்தேன், எனக்கு என்ன ஆகிவிட்டது? சாமானெல்லாம் இருக்கிறது, வீடு இருக்கிறது. அவளை அனுப்பிவிட்டு நான் அவரோடு தனியாக இருக்க முடியாது.

வண்டிச் சத்தம். தரணிதான், ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவான். எழுந்திருக்காதீர்கள், கையை அசைத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு நிமிடம்தான். நீங்கள் வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. நான் உள்ளே போய் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

வினோ, மிக்ஸி எங்கேம்மா?

பெட்டியில் வைத்துவிட்டாயா.

சரிதான். அது உங்கள் சீர்தானே அண்ணா. நீங்கள் வாங்கிக் கொடுத்தது. அவள் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பழசை அப்போதே காயலான் கடையில் போட்டுவிட்டேன்.

செருப்பு. ஒன்று சுவரில். ஒன்று கதவில். கேட்டீர்களா? உங்களுக்கும் கேட்கிறது, இல்லையா? இப்போது இருமுவார். அவ்வளவுதான். இனி அந்தக் கேள்வி.

பேசாதீர்கள் அண்ணா. கொஞ்சம் பொறுங்கள். மிக்ஸி இல்லாமல் நான் இதை முழுசாகக் கேட்டதே இல்லை.

'தொலைஞ்ச' என்று முடிக்கும்போது குரல் பிசிறுகிறது, கவனித்தீர்களா? அவருக்கு அப்படிப் பிசிறாது. தரணிக்குப் பதினாலு வயதில் மகரக்கட்டு உடைந்தபோது தொண்டையில் அந்தப் பிசிறு வந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், வெந்நீர் கொப்பளிக்க வைத்தேன். போகவே இல்லை. அது என் பிள்ளை குரல் அண்ணா.

கண்ணாடியை அவளிடம் கொடுங்கள். தொட்டுப் பாருங்கள், பள்ளம் விழவில்லை. ஒட்டிவிட்டது. போட்டுக்கொள் வினோ. தெரிகிறதா? பெட்டியை அப்பா தூக்கிக்கொள்ளட்டும். பின்வாசல் வேண்டாம். முன்வாசல் வழியாகவே போங்கள், கதவை நான் திறக்கிறேன். அவன் என்ன எறிந்தாலும் நான் நடுவில் நிற்பேன்.

இரும்மா. அந்தப் பாடத்தைச் சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போ. செய்தவரை முதலில் வைக்க வேண்டும், அவ்வளவுதானே. தரணி உன் கண்ணாடியை உடைத்தான். சரியா? அவன் அப்பா என் கையில் சூடு வைத்தார். இதுவும் சரியா?

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் மிக்ஸியைப் போட்டேன்.